பனந்தும்பில் 1735இல் உச்சி: அசற்றைலேற்றம் நடந்துவிட்டது என்று எழுதலாமா?

கேள்வி: ஐப்பசி 28, 2023

கிளிநொச்சியில் இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். கங்குமட்டையை அடித்து எடுத்த பனந்தும்பை, அசற்றைல் கூட்டத்தை ஏற்றும் அசற்றிக் நீரிலியுடன் 100 பாகை செல்சியசில் மூன்று மணி நேரம் வைத்து, கழுவி உலர்த்தி, அகச்சிவப்பு நிறமாலை எடுத்தேன். 1735 செ.மீ⁻¹ இல் தெளிவான உச்சி இருக்கிறது. அது காபனைல் (C=O) கூட்டம் உறிஞ்சும் இடம், செலுலோசில் அந்தக் கூட்டம் கிடையாது. ஆகவே செலுலோசு அசற்றைலேற்றம் அடைந்துவிட்டது என்று அறிக்கையில் எழுதலாமா, அண்ணா?

ஐப்பசி 28, இரவு

இன்னும் எழுத வேண்டாம், தங்கை.

தூய செலுலோசைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். அது குளுக்கோசு அலகுகள் பீட்டா 1,4 பிணைப்பால் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் 2, 3, 6 ஆகிய காபன்களில் மூன்று ஐதரொட்சைல் (OH) கூட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் ஐதரசன் போய் அசற்றைல் கூட்டம் ஏறுவதே அசற்றைலேற்றம். பருத்திப் பஞ்சையோ வடிதாளையோ வைத்து நிறமாலை எடுத்தால் 1735 அருகே வெறுமையாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் எடுத்துக்கொண்டது பனந்தும்பு. அதில் செலுலோசுடன் எமிசெலுலோசும் (வேறு சர்க்கரைகளின் சங்கிலிகள்) இலிக்னினும் (தும்பை விறைப்பாக்கும் பொருள்) சேர்ந்திருக்கின்றன. எமிசெலுலோசின் சைலான் சங்கிலிகளில் அசற்றைல் கூட்டங்கள் இயற்கையாகவே தொங்குகின்றன. யூரோனிக் அமில அலகுகளும் உண்டு. இவையெல்லாம் 1730க்கும் 1740க்கும் இடையில்தான் உறிஞ்சுகின்றன. ஆய்வுகூடத்தில் நீங்கள் செய்ய நினைத்த வேலையின் ஒரு பங்கைப் பனைமரம் உங்களுக்கு முன்னரே செய்து வைத்திருக்கிறது. அந்த உச்சி மரத்தினுடையதா உங்களுடையதா என்பதை ஒரே ஒரு நிறமாலையால் சொல்ல இயலாது.

ஐப்பசி 29

மூன்று நிறமாலைகள் வேண்டும். முதலாவது, எதுவும் செய்யாத தும்பு. இரண்டாவது, நீரிலி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அனுபவித்த தும்பு, அதாவது அதே வெப்பம், அதே நேரம், அதே கழுவல், அதே உலர்த்தல். மூன்றாவது, நீங்கள் தாக்கமடையச் செய்த தும்பு. மூன்றையும் ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் மூன்றிலும் முக்கியமானது அதுதான்.

எதைக் கொண்டு கழுவினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஐப்பசி 31

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமே காரணம். என் முதல் ஆய்வில் இதே தும்பு, இதே நீரிலி, இதே உச்சி. நான் மகிழ்ந்துபோய், அசற்றைலேற்றம் உறுதிப்பட்டது என்று ஓர் அத்தியாயமே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை வாசித்த மூத்த ஆய்வாளர் ஒருவர் ஒன்றே ஒன்றைக் கேட்டார்: "தொடாத தும்பின் நிறமாலை எங்கே?" நான் அதை எடுத்திருக்கவில்லை. மறுவாரம் எடுத்துப் பார்த்தபோது, தொடாத தும்பிலும் அந்த உச்சி ஏறத்தாழ அதே உயரத்தில் நின்றது. என் குடுவையில் அநேகமாக எதுவுமே நடந்திருக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதைப் பின்னர்தான் புரிந்துகொண்டேன். அது மார்கழி மாதம். தும்பைக் கழுவி விறாந்தையில் காயப்போட்டு, கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தவுடன் குடுவைக்குள் போட்டேன். கைக்கு உலர்ந்த தும்பினுள் அந்தக் காலநிலையில் பத்து வீதம் வரை நீர் இருக்கக்கூடும். நீரிலி முதலில் அந்த நீருடன் தாக்கமுற்று அசற்றிக் அமிலமாகிவிட்டது. செலுலோசுக்கு எஞ்சியது மிகச் சொற்பம். அந்த அத்தியாயத்தை முழுவதுமாகத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. தங்கை, நீங்கள் தும்பை 105 பாகையில் நிறை மாறாத வரை உலர்த்தினீர்களா?

கார்த்திகை 2

கேள்வி கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார்: குழாய் நீரில் இரண்டு முறை கழுவினாராம். அது போதாது. தும்பின் குழல்களுக்குள் அசற்றிக் அமிலமும் தாக்கமுறாத நீரிலியும் தங்கிவிடும். அவையும் காபனைல் சேர்வைகளே. நல்லவேளையாக அவை உறிஞ்சும் இடங்கள் சற்று வேறுபடுகின்றன. எசுத்தர், அதாவது ஐதரொட்சைலில் அசற்றைல் ஏறி உருவாகும் பிணைப்பு, 1740 அருகே நிற்கும். கட்டற்ற காபொட்சிலிக் அமிலம் 1700 அருகே, உச்சியின் பக்கத்தில் புடைத்த தோளாகத் தெரியும். நீரிலி எஞ்சியிருந்தால் 1760க்கும் 1840க்கும் இடையே எழும்பும். ஆகவே 1740ஐப் பார்க்கும்போது அதன் இரு பக்கங்களையும் பார்க்க வேண்டும். இரு பக்கமும் வெறுமையாக இருந்தால்தான் நடுவில் நிற்பதை நம்பலாம்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. தும்பில் ஒரு பகுதியை அப்பச்சோடாக் கரைசலில் சிறிது நேரம் வைத்து, காய்ச்சி வடித்த நீரில் நன்றாக அலசி, உலர்த்தி, மறுபடியும் நிறமாலை எடுங்கள். கட்டற்ற அமிலம் கழுவப்பட்டுப் போகும். சங்கிலியோடு பிணைந்த காபொட்சிலிக் கூட்டம் என்றால் உப்பாக மாறி 1600 பக்கம் நகரும். எசுத்தர் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் பிறகு இன்னொரு பகுதியை ஐதான சோடியம் ஐதரொட்சைட்டில் வைத்தால் எசுத்தரும் உடைந்து 1740 மறைய வேண்டும். இந்த இரண்டு படிகளையும் கடந்த உச்சியை எசுத்தர் என்று தயங்காமல் அழைக்கலாம்.

கார்த்திகை 2, பின்னேரம்

மேலே எழுதியதில் ஒரு குறை இருக்கிறது. அந்தச் சோதனை எசுத்தர் என்று மட்டுமே சொல்லும். யாருடைய எசுத்தர் என்று சொல்லாது. எமிசெலுலோசின் இயற்கை அசற்றைலும் காரத்தில் அதேபோல உடையும். ஆகவே ஐப்பசி 29இல் சொன்ன மூன்று நிறமாலைகளிலிருந்து யாரும் தப்ப முடியாது.

கார்த்திகை 3

ஒரு வாசகர், 1370இல் உள்ள உச்சியும் அசற்றைலின் மெதைல் கூட்டத்துக்கு உரியதல்லவா, அதையும் சான்றாகக் காட்டலாமே என்று கேட்டிருக்கிறார். காட்டலாம், ஆனால் தனியாகக் காட்ட இயலாது. செலுலோசின் சொந்த C–H வளைவு அதிர்வும் அதே 1370 அருகில்தான் இருக்கிறது. அங்கே உச்சி இருப்பது எதையும் நிரூபிக்காது. அது உயர்ந்திருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். 1235 அருகில் வரும் அசற்றைலின் C–O நீட்சி அதைவிடப் பயனுள்ளது. ஆயினும் தொடாத தும்பில் எமிசெலுலோசும் இலிக்னினும் அங்கேயும் கொஞ்சம் உறிஞ்சுகின்றன. 1740, 1370, 1235 ஆகிய மூன்றும் ஒன்றாக உயர்ந்து, 3340ஐ மையமாகக் கொண்ட அகன்ற ஐதரொட்சைல் பட்டை தாழ்ந்தால், அந்த நான்கும் ஒரே கதையைச் சொல்கின்றன என்று கொள்ளலாம்.

கார்த்திகை 6

முன்கூட்டியே காரத்தில் ஊறவைத்துவிட்டால் சிக்கலே தீர்ந்துவிடுமே என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். பாதி தீரும். சுமார் 5 வீதச் சோடியம் ஐதரொட்சைட்டில் வைத்தால் எமிசெலுலோசில் பெரும்பகுதி கரைந்துவிடும், எஞ்சியதன் அசற்றைலும் உடைந்துவிடும். அதனால் 1735 பெரும்பாலும் மறைந்துபோகும். அப்படி வெறுமையாக்கிய இடத்தில் பின்னர் ஓர் உச்சி எழுந்தால் அதை நம்புவது மிக எளிது. இன்று இந்த வேலையைத் தொடங்குபவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

ஆனால் காரத்தின் செறிவில் கவனம் வேண்டும். ஜோன் மெர்சர் 1844இல் கண்ட மெர்சராக்கம் என்பது வேறு கதை. 17, 18 வீதக் காரத்தில் செலுலோசின் பளிங்கு அமைப்பே முதலாம் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறிவிடுகிறது. அகச்சிவப்பில் 1430இல் இருந்த உச்சி 1420 பக்கம் தளர்ந்து சிறுக்கிறது. 897இல் இருந்த சிறிய உச்சி வளர்கிறது. இதைப் பார்த்துவிட்டு இரசாயன மாற்றம் நிகழ்ந்தது என்று எழுதியவர்களை நான் கண்டிருக்கிறேன். சங்கிலியில் ஒரு கூட்டம்கூடப் புதிதாக ஏறவில்லை. சங்கிலிகள் அடுக்கப்பட்டிருக்கும் விதமும் அவற்றுக்கிடையே உள்ள ஐதரசன் பிணைப்புகளுமே மாறின. பிரதியீடு வேறு, அடுக்கு மாற்றம் வேறு. எக்ஸ்-கதிர்ச் சிதறல் இதைத் தெளிவாகக் காட்டிவிடும்: முதலாம் வகையில் 22.7 பாகை அருகே உயர்ந்து நிற்கும் முகடு, இரண்டாம் வகையில் 20, 22 என இரண்டாகப் பிரியும். 12 பாகை அருகே புதிதாக ஒன்று தோன்றும்.

சோடியம் ஐதரொட்சைட்டை, அதாவது கோஸ்டிக் சோடாவை, எழுதும்போதெல்லாம் எனக்குப் பரந்தன் நினைவுக்கு வருகிறது. ஆனையிறவின் உப்பை மின்பகுத்து இதே காரத்தையும் குளோரினையும் தயாரித்த தொழிற்சாலை அங்கே இருந்தது. போருக்குப் பின் எஞ்சியிருப்பது அதன் இடிபாடு. பனந்தும்பும் காரமும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைத்த மண் இது. இன்று காரம் போத்தலில் வெளியிலிருந்து வருகிறது.

கார்த்திகை 9

மழை விடவில்லை. ஆகவே நீரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

நிறமாலை எடுக்கத் தும்பைக் கலந்து வில்லையாக்கும் பொற்றாசியம் புரோமைட்டு நீரை இழுக்கும் உப்பு. செலுலோசும் நீரை இழுக்கும். 100 மில்லிகிராம் உப்பில் ஒரு மில்லிகிராம் தும்புத்தூளை அரைத்து வில்லை அழுத்துகிறோம். அந்த அரைக்கும் ஐந்து நிமிடத்துக்குள் கார்த்திகை மாதக் காற்றிலிருந்து இரண்டும் நீரைக் குடித்துவிடுகின்றன. விளைவு: 1640இல் நீரின் உச்சி எழுகிறது, 3400 அருகே பட்டை வீங்குகிறது. அசற்றைலேற்றம் நடந்தால் ஐதரொட்சைல் பட்டை தாழ வேண்டும் என்று கார்த்திகை 3இல் எழுதினேன். ஈரமான வில்லையில் அது தாழாது. தாழ்ந்ததை நீர் மூடி மறைத்துவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு. தொடாத தும்பின் வில்லை ஈரமாகவும் தாக்கமடைந்த தும்பின் வில்லை உலர்ந்ததாகவும் அமைந்துவிட்டால், நடக்காத தாக்கம் நடந்ததுபோலத் தோன்றும். ஆகவே ஐதரொட்சைல் பட்டையைப் பற்றி ஒரு சொல் எழுதுவதற்கு முன், மூன்று நிறமாலைகளிலும் 1640இன் உயரம் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒத்திராவிட்டால் அந்தப் பட்டையை விவாதத்திலிருந்து விலக்கிவிடுவதே நேர்மை.

நான் செய்யும் முறை இது. உப்பை 110 பாகையில் இரவு முழுவதும் வைத்து, டெசிகேற்றருக்குள் (ஈரம் புகாத மூடுகலம்) ஆறவிடுகிறேன். தும்பையும் அவ்வாறே உலர்த்துகிறேன். கருவி இருக்கும் ஊருக்கு ஏ9 வீதியில் பேருந்தில் மாதிரிகளைக் கொண்டுபோக வேண்டியிருப்பதால், சிறு கண்ணாடிப் போத்தல்களில் இறுக மூடி, அவற்றைச் சிலிக்கா ஜெல் போட்ட பெரிய போத்தலுக்குள் வைத்துக்கொள்கிறேன். மூன்று வில்லைகளையும் ஒரே நாளில், அடுத்தடுத்து அழுத்துகிறேன். ஒன்றைச் சித்திரையிலும் மற்றதை மார்கழியிலும் எடுத்து ஒப்பிடுவதை நான் விட்டுவிட்டேன்.

கார்த்திகை 10

"ஏ.டி.ஆர். இருந்தால் வில்லையே வேண்டாமே" என்று கேட்டவருக்கு: உண்மைதான், ஏ.டி.ஆர். என்பது பளிங்கினுள் தெறிக்கும் ஒளியால் அளக்கும் துணைக்கருவி, தும்பை அதன் வைரப் பளிங்கின்மேல் வைத்து அழுத்தினால் போதும். ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பை மட்டும். 45 பாகை வைரத்தில், 1000 செ.மீ⁻¹ இல் ஏறத்தாழ 2 மைக்ரோமீற்றர் ஆழம். 3340இல் அதில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. இதனால் ஐதரொட்சைல் பட்டை வில்லையில் தெரிவதைவிடச் சிறுத்தே தெரியும். தொடாத தும்பை வில்லையிலும் தாக்கமடைந்ததை ஏ.டி.ஆர்.இலும் எடுத்து, ஐதரொட்சைல் குறைந்துவிட்டது என்று எழுதுவது பிழை.

கார்த்திகை 15

மாங்குளத்திலிருந்து ஒரு நண்பர் வைக்கோலைப் பற்றிக் கேட்டிருக்கிறார். காலபோக அறுவடை முடிந்ததும் வயலில் எரிக்கப்படும் வைக்கோலிலிருந்து செலுலோசு எடுத்து, எண்ணெய் உறிஞ்சும் பொருளாக மாற்றுவது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம். அசற்றைல் ஏறிய செலுலோசு நீரை விலக்கி எண்ணெயை ஏற்கும். 1740இன் உயரத்தை 1050 அருகிலுள்ள பெரிய உச்சியால் வகுத்து, அந்த விகிதத்தைக் கொண்டு மாதிரிகளை ஒப்பிடுகிறாராம்.

வைக்கோலில் இது ஆபத்து. நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தாளிலும் இலையிலும் சேர்த்துவைக்கும் பயிர். சிலிக்காவின் Si–O–Si நீட்சி 1050 தொடக்கம் 1100 வரை பரந்து உறிஞ்சுகிறது, அதாவது செலுலோசின் C–O உச்சிகளின்மேல் நேராக ஏறி உட்கார்ந்துகொள்கிறது. காரத்தில் வைத்தால் சிலிக்கா கரைந்துபோகும், உடனே 1050 தாழும், விகிதம் உயரும், தாக்கம் அதிகமாக நடந்ததுபோலத் தோன்றும். சிலிக்கா இருப்பதை 800 அருகில் வரும் சிறிய உச்சி காட்டிக்கொடுக்கும். அது முற்றாக மறைந்த பிறகே விகிதக் கணக்கைத் தொடங்க வேண்டும்.

இந்தச் சிலிக்கா காகிதக்காரர்களுக்கும் பழைய தலையிடி. வைக்கோலை வேகவைத்த காரத்தில் சிலிக்கா கரைந்துவிடுவதால் அந்தக் காரத்தை மீட்டெடுப்பது கடினம். வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலைக் கொண்டு இயங்கிய காலத்தில் அங்கே வேலைசெய்த உறவினர் ஒருவர், அந்தக் கறுத்த நீரைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கார்த்திகை 16

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு, "அப்படியானால் எதனால்தான் வகுப்பது?" என்று அதே நண்பர் கேட்கிறார். நியாயமான கேள்வி. 897ஐ நான் தேர்ந்தெடுக்கமாட்டேன்; அது சிறியது, அதோடு பளிங்குத் தன்மை மாறினால் அதுவும் மாறுகிறது. சிலிக்கா நீங்கிய தும்புக்கு, சங்கிலியின் C–O–C நீட்சியான 1160ஐ எடுக்கிறேன், ஏனெனில் அசற்றைலேற்றத்தில் சங்கிலியின் அந்தப் பிணைப்பு உடைவதில்லை. ஆனால் 1235 மிகப் பெரிதாக வளர்ந்தால் அதன் அடிவாரம் 1160ஐயும் தூக்கிவிடும். ஆகவே இவ்விகிதம் சிறிய அளவு பிரதியீட்டுக்கே பொருந்தும், அதுவும் ஒரே தும்பின் மாதிரிகளைத் தமக்குள் ஒப்பிடுவதற்கு மட்டும்.

கார்த்திகை 21

எவ்வளவு ஏறியது என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். இதில் நிறமாலையை மட்டும் நம்ப வேண்டாம்.

ஓர் அலகின் மூன்று ஐதரொட்சைல்களில் சராசரியாக எத்தனை மாறின என்பதே பிரதியீட்டு அளவு. அது 0 தொடக்கம் 3 வரை இருக்கும். அலகின் திணிவு 162. ஓர் அசற்றைல் ஏறும்போது ஓர் ஐதரசன் போவதால் நிகரக் கூடுதல் 42. எனவே பிரதியீட்டு அளவு 1 என்றால் நிறை ஏறத்தாழ 26 வீதம் கூட வேண்டும். நிறை 8 வீதம் கூடியிருந்தால், 0.08ஐ 162ஆல் பெருக்கி 42ஆல் வகுக்க, 0.31 கிடைக்கும். பத்து அலகுகளில் மூன்று கூட்டம். மிகப் பெரிய உச்சியைத் தரும் தாக்கமும் சிறியதாகவே இருக்கக்கூடும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது, ஏனெனில் காபனைல் கூட்டம் அகச்சிவப்பை மிக வலுவாக உறிஞ்சும்.

நிறைக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. தாக்கத்தின்போது தும்பின் ஒரு பகுதி கரைந்துபோனால் நிறை குறையும், கணக்கு பிழைக்கும். எனவே நியமிப்பே நம்பகமானது: அறிந்த அளவு காரத்தில் எசுத்தரை உடைத்து, எஞ்சிய காரத்தை அமிலத்தால் நியமித்து, அசற்றைல் வீதத்தைக் காணலாம். அந்த வீதத்தை 162ஆல் பெருக்கி, 4300இலிருந்து அவ்வீதத்தின் 42 மடங்கைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் பிரதியீட்டு அளவு கிடைக்கும். சரிபார்க்க விரும்புபவர் 44.8 வீதத்தை இட்டுப் பார்க்கட்டும்; 3 வரும், அதுதான் முழுமையான மூவசற்றேற்று. பியூரெற்றும் கூம்புக் குடுவையும் எந்தப் பாடசாலை ஆய்வுகூடத்திலும் இருக்கின்றன. தும்புக்கு இதைச் செய்யும்போது, நீரிலி காணாத இரண்டாவது மாதிரியையும் நியமித்து அதன் பெறுமானத்தைக் கழிக்க வேண்டும்.

கார்த்திகை 22

மற்ற முறைகளைப் பற்றிச் சுருக்கமாக. திண்மநிலைக் காபன்-13 என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்தப் பரிவு) இருந்தால் மெதைல் 21 ppm இலும் காபனைல் 170 ppm அருகிலும் தனித்து நிற்கும்; 89, 84 ஆகியவை 4ஆம் காபனின் பளிங்குப் பகுதியையும் ஒழுங்கற்ற பகுதியையும் பிரித்துக் காட்டும். எக்ஸ்-கதிர் ஒளியிலத்திரன் முறை மேற்பரப்பின் பத்து நானோமீற்றர் வரையே பார்க்கும். தூய செலுலோசுக்கு ஒட்சிசன்–காபன் விகிதம் 5/6, அதாவது 0.83, என்பதால் அதிலிருந்து விலகுவதைக் கொண்டு மேற்பரப்பைப் பற்றிப் பேசலாம். 1928இல் சி. வி. இராமன் கண்ட சிதறல் நம் மழைக்காலத்துக்கு ஏற்றது, நீர் அதில் மிக மெலிதாகவே தெரியும். ஆனால் கட்புல லேசரில் இலிக்னின் ஒளிர்ந்து எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். 1064 நானோமீற்றர் லேசர் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மாதிரியை வெளியே அனுப்ப வேண்டும். இறுதியாண்டு ஆய்வுக்கு மூன்று ஒழுங்கான அகச்சிவப்பு நிறமாலைகளும் ஒரு நியமிப்பும் போதும் என்பது என் கருத்து.

மார்கழி 3

தங்கை மறுபடியும் செய்து அனுப்பியிருக்கிறார். தும்பை 5 வீதக் காரத்தில் ஊறவைத்து, நடுநிலையாகும் வரை கழுவி, 105 பாகையில் நிறை மாறாத வரை உலர்த்தி, இரண்டாகப் பிரித்திருக்கிறார். ஒரு பாதிக்கு நீரிலி. மற்றப் பாதிக்கு அதே வெப்பமும் கழுவலும் மட்டும். கழுவியது அசற்றோனிலும் காய்ச்சி வடித்த நீரிலும்.

தொடாத தும்பில் 1735 இருக்கிறது. காரம் கண்ட தும்பில் அது இல்லை. நீரிலி காணாத பாதியிலும் இல்லை. நீரிலி கண்ட பாதியில் 1743இல் கூர்மையாக எழுந்து, 1370ஐயும் 1235ஐயும் தன்னோடு உயர்த்தியிருக்கிறது. 1760க்கு மேலே எதுவும் இல்லை. 1705இல் மட்டும் ஒரு சிறிய தோள் தெரிகிறது. அதை அப்பச்சோடாவில் அலசிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 1640 எல்லாவற்றிலும் ஒத்திருக்கவில்லை, ஆகவே ஐதரொட்சைல் பட்டையைப் பற்றி எழுத வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

மார்கழி 5

தோள் மறைந்துவிட்டது, 1743 அசையவில்லை. தங்கை, இப்போது எழுதலாம். ஆனால் "செலுலோசு அசற்றைலேற்றம் அடைந்தது" என்று எழுதாமல், "காரத்தில் பதப்படுத்திய பனந்தும்பில் அசற்றைல் எசுத்தர் உருவாகியுள்ளது" என்று எழுதுங்கள். தும்பில் எஞ்சிய இலிக்னினுக்கும் ஐதரொட்சைல் கூட்டங்கள் உண்டு. அவையும் நீரிலியோடு தாக்கமுறும். உங்கள் நிறமாலையில் 1510இல் அந்த இலிக்னின் இன்னும் நிற்கிறது. வடிதாளில் இதே தாக்கத்தை ஒருமுறை செய்து பக்கத்தில் வைத்தால், செலுலோசு என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். வடிதாள் என்னிடம் ஒரு பெட்டி இருக்கிறது. வெள்ளிக்கிழமை கிளிநொச்சிக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.